ஓட்டைத் தகட்டால் கட்டிய கழிப்பறை

1

ஜெர்மனிக்கு வந்து நான்கு வருடம் முடிந்த அதே வாரத்தில், ஓர் அரசு அலுவலகத்தில் என் சான்றிதழ்களை மேசைமேல் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சென்னையில் நான் படித்த ரத்தப் பரிசோதனைப் படிப்பு இங்கேயும் செல்லும் என்று அவர்கள் ஒப்புக்கொண்டால்தான் ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை. படிப்புச் சான்றிதழ் மட்டும் போதாதாம். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து எல்லாம் வேண்டும் என்றார்கள். எல்லாவற்றுக்கும் மொழிபெயர்ப்பு, ஒவ்வொன்றிலும் ஒரு முத்திரை.

எதிரே இருந்த அம்மாள் ஒவ்வொரு தாளாகப் புரட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் விரலை வைத்தார். "ஒன்பதாம் வகுப்பில் இரண்டு முறை சேர்ந்திருக்கிறீர்களே, முதல் தடவை தேர்ச்சி பெறவில்லையா?"

எனக்குச் சுருக்கென்றது. நான் எந்த வகுப்பிலும் தோற்றதில்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அம்மா, அப்பா இரண்டு பேர் வழியிலும் எனக்கு முன்னால் எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர்கூடக் கிடையாது. நான் தோற்றேன் என்று ஒருவர் நினைப்பதை எப்படிப் பொறுத்துக்கொள்வது? உடனே பதில் சொல்ல வாயைத் திறந்தேன். மேசை ஆணா பெண்ணா என்று யோசித்துப் பேசுகிற மொழி இது. வேகமாகக் கோபப்படக்கூட வராது. "இல்லை... கழிப்பறை..." என்பதோடு நின்றுவிட்டது.

அந்த அம்மாள் முகம் கனிந்து, எழுந்து, கதவைத் திறந்து, தாழ்வாரத்தின் கோடியில் இடப்பக்கம் என்று கையைக் காட்டினார். வேறு வழியில்லாமல் போனேன். கையைக் கழுவிக்கொண்டு, கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

"சொந்தக் காரணம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், போதும்" என்றார். போட்டேன். அங்கீகாரம் வந்துவிட்டது, அடுத்த மாதம் வேலையில் சேருகிறேன். என் ஜெர்மனைச் சகித்துக்கொண்ட அவருக்கு நன்றி. ஆனால் அது சொந்தக் காரணம் இல்லை. ஒரு காலனியே சேர்ந்து சுமந்த காரணம். அவரிடம் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

2

இங்கே எங்கள் வீட்டுச் சமையலறையில் நான்கு வகைக் குப்பைக்கு நான்கு இடம். தயிர் டப்பாவைக் கழுவித்தான் மஞ்சள் பையில் போட வேண்டும். காகிதத்துக்கு ஒரு தொட்டி, காய்கறித் தோலுக்கு ஒரு தொட்டி. கண்ணாடிப் பாட்டில்களைத் தெருமுனைக்குக் கொண்டுபோய் நிறம் பார்த்துப் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அதுவும் கூடாது, சத்தம் கேட்குமாம். புதிதில் இதையெல்லாம் கீழ்வீட்டு அம்மாள் என்னை நிறுத்தி வைத்துச் சொல்வார். இப்போது என் மகள் மலர் சொல்கிறாள். வயது நான்குதான். "அம்மா, மூடி வேற, டப்பா வேற" என்று தமிழில் ஆரம்பித்து, கோபம் வந்ததும் ஜெர்மனுக்குப் போய்விடுவாள். அவளுக்குக் கோபம் ஜெர்மனில்தான் நன்றாக வருகிறது. என்னிடம் மட்டும் தமிழில் பேசு என்று கேட்டிருக்கிறேன். முயற்சி செய்கிறாள். கிண்டர்கார்டன் வாசலில் மற்றக் குழந்தைகள் இருந்தால் மட்டும் என் கையை விட்டுவிட்டுக் கொஞ்சம் தள்ளி நடக்கிறாள். அதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

"உங்க ஊர்ல குப்பை எங்க போடுவீங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

நான் வளர்ந்தது சென்னையில், கம்பெனிகள் நிறைந்த அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பின்னால், அயப்பாக்கம் போகிற வழியில் ஒரு காலனியில். எங்களுடையவர்கள் முன்பு அந்தச் சுற்று வட்டாரத்தில் வயல் வேலை செய்தவர்கள். வயல்கள் கம்பெனிகளாக மாறியபோது அதே நிலத்தில் மூட்டை தூக்கவும் தரை கூட்டவும் போனார்கள். கம்பெனி வெளியே தள்ளுவதெல்லாம் எங்கள் காலனிக்குள் வந்துதான் நிற்கும். எண்ணெய் துடைக்கிற பஞ்சு மிச்சமானால் தலையணை. கிரீஸ் டின் வெட்டினால் அடுப்பு. எங்கள் வீட்டுக் கதவு, வெளிநாட்டு மெஷின் வந்த பெட்டியின் பலகை. அதில் உடையும் பொருள் என்று காட்ட ஒரு கோப்பையும், இந்தப் பக்கம் மேலே என்று காட்ட இரண்டு அம்பும் கறுப்பு மையில் அச்சடித்திருக்கும். சிறுவயதில் அதை அப்பா ஆசையாக வரையச் சொன்ன அலங்காரம் என்று நம்பியிருந்தேன்.

எல்லாவற்றுக்கும் மேலே ஓட்டைத் தகடு. பிரஸ் ஷாப் என்கிற தகடு வெட்டும் பட்டறையில், நீளத் தகட்டிலிருந்து வட்டவட்டமாக வாஷர் அடித்து எடுத்த பிறகு, ஓட்டைகளாலேயே ஆன ஒரு தகடு மிச்சமாகும். நல்லதை எடைக்குப் போட்டுவிடுவார்கள். வளைந்ததும் துருப்பிடித்ததும் காயலான் கடைக்காரரே வேண்டாம் என்று ஒதுக்கியதும் எங்களுக்கு. வேலி அதில்தான், கோழிக்கூடு அதில்தான், ஜன்னல் அதில்தான். எங்கள் காலனி முழுக்க வெயில் வட்டவட்டமாகத்தான் விழும்.

மலருக்கு இதையெல்லாம் சொன்னேன். "அப்போ குப்பையே இல்லையா?" என்றாள். இல்லை என்றேன். நம்பவில்லை.

3

எண்பதுகளின் நடுப்பகுதி, இன்றைக்கு இருபது வருடம் முன்பு. நான் ஒன்பதாம் வகுப்பு. வயதுக்கு வந்து, சடங்கு முடிந்து, தாவணி போட்டுக்கொண்டு மறுபடி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் வகுப்பறை உண்டு, கொடிக்கம்பம் உண்டு, கழிப்பறை மட்டும் இல்லை. பையன்களுக்குச் சுவர் ஓரம் இருந்தது. எங்களுக்குப் பின்பக்கம் வேலிக்காத்தான் புதர். என் எதிர்வீட்டுத் தோழி ஸ்டெல்லா காலையிலிருந்து மணி அடிக்கும்வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டாள். எட்டாம் வகுப்பில் எங்களோடு இருந்த பெண்களில் பாதிப்பேர் ஒன்பதாவதுக்கு வரவே இல்லை. யாரும் ஏன் என்று கேட்கவும் இல்லை.

அப்பா லோடுமேன். ஒருநாள் பள்ளிக்கூடத்துப் பின்பக்கச் சாலையில் லாரியில் போனவர், புதருக்கு எதிரே லாரி நிறுத்துமிடத்தில் நாலைந்து ஆண்கள் குந்தியபடி பீடி பிடித்துக்கொண்டு எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதைப் பார்த்துவிட்டார். அன்று சாயங்காலம் என் பையை எடுத்துப் பரண்மேல் போட்டார்.

அம்மா எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் கூட்டிப் பெருக்குகிறவள். பெயர் கன்னியம்மா. அந்த வரிசைக் கம்பெனி வாட்ச்மேன்கள் எல்லாருக்கும் அவள் குரல் தெரியும்.

"யோவ், இன்னாய்யா பண்ணிக்கினு கீற? எம்பொண்ணு இங்கிலீஷ் எய்துதுன்னு எஸ்டேட்டு பூரா சொல்லிக்கினு திரிஞ்சவன் நீதானே? இப்போ பையத் தூக்கிப் பரண்ல போட்டா?"

"நா கண்ணால பாத்தேன்டி. நீ பாக்கல."

"பாத்தவன் கண்ண நோண்டறத வுட்டுட்டு எம்பொண்ணு கால ஒடைப்பியா?"

"எத்தினி பேர் கண்ண நோண்டறது? கக்கூஸ் கீற இஸ்கூல காட்டு. நாளைக்கே நா இட்டுகினு போய் வுடறேன். இது சத்தியம்."

அப்பா சத்தியம் செய்தால் செய்ததுதான். அது தெரிந்துதான் எனக்கு அழுகை வந்தது. கழிப்பறை உள்ள பள்ளிக்கூடம் பஸ்ஸில் போகிற தூரத்தில் இருந்தது. அங்கே இடமும் இல்லை.

அம்மா பரணை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தாள். பிறகு, "கக்கூஸ் கீற இஸ்கூலு இல்லன்னா, கீற இஸ்கூல்ல கக்கூஸ் கட்டிக்க வேண்டியதுதான்" என்றாள். அரிசி தீர்ந்துவிட்டால் கடைக்குப் போக வேண்டியதுதான் என்பதைப் போலச் சொன்னாள்.

4

ஹெட்மாஸ்டர் நல்ல மனிதர், பயந்தவர். அம்மா என்னையும் ஸ்டெல்லாவின் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றாள்.

"அம்மா, கட்டடம் எழுப்பணும்னா மேலிடத்துல அனுமதி வேணும். நான் எத்தனையோ தடவை எழுதிட்டேன். பதிலே இல்ல."

"கட்டடம் யாரு சார் கட்றா? தடுப்பு வைக்கிறோம், அவ்ளோதான்."

அவர் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். "தடுப்புன்னா எனக்கு ஒண்ணும் தெரியாது. ஞாயித்துக்கிழமை நான் ஸ்கூல் பக்கமே வர்றதில்ல" என்றார். அப்படிச் சொன்ன அந்த மனிதருக்கு நான் வாழ்நாள் முழுக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

பொங்கல் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலனியே திரண்டு போனது. அப்பாவும் கூட வேலை செய்பவர்களும் குழி தோண்டினார்கள். குழி சரியாமல் இருக்கத் தேய்ந்துபோன லாரி டயர்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கினார்கள். சித்தாள் வேலைக்குப் போகிற ஸ்டெல்லாவின் அம்மா, அண்ணாநகரில் ஒரு கட்டடத்தில் விளிம்பு உடைந்ததென்று தூக்கிப் போட்ட கக்கூஸ் பீங்கானைக் கேட்டு வாங்கித் தலையில் சுமந்து வந்திருந்தாள். நான்கு மூலைக்கும் பெட்டிப் பலகைக் கால்கள். கதவுக்கும் பெட்டிப் பலகை. சுவருக்கு, அம்மா கம்பெனியில் பல நாள் பேசிச் சேர்த்த ஓட்டைத் தகடு. சாயங்காலம் வேலை முடிந்தபோது எல்லாரும் தள்ளி நின்று பார்த்து, "ஊட்ட வுட நல்லா கீது" என்று மெச்சிக்கொண்டோம்.

மறுநாள் அப்பா சொன்ன சொல்படி என்னைக் கூட்டிக்கொண்டு வந்தார். தாவணியை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தேன். பெண்கள் எல்லாரும் சூழ்ந்து நிற்க, ஸ்டெல்லா முதலில் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"ஏய், யாருக்காச்சும் தெரியுதா?" என்று உள்ளிருந்து கேட்டாள்.

"வலது பக்கம் ரிப்பன் அவுந்திருக்கு, கட்டிக்க" என்று ஒருத்தி சொன்னாள்.

"காலுல சேறு" என்றாள் இன்னொருத்தி.

"இப்போ மொறைக்கிறா!"

சிரிப்பை அடக்க முடியாமல் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தோம். இத்தனை பெரியவர்கள், ஒரு பகல் முழுக்க வேலை செய்து, தள்ளி நின்று பார்த்து, ஒருவர் கண்ணிலும் அந்த ஓட்டைகள் படவில்லை. பிறந்ததிலிருந்து ஓட்டைத் தகட்டுக்கு நடுவிலேயே இருந்தவர்களுக்கு அது சுவர். சுவரைத் தாண்டி எதுவும் தெரியும் என்று தோன்றவே இல்லை.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "இன்னாடி இது, இட்லித் தட்டா? இதுக்கு அந்தப் பொதரே தேவல" என்றார். என் கையைப் பிடித்தார். இஸ்திரி போட்ட தாவணியோடு வந்த வழியே திரும்பி நடந்தேன். வழியெல்லாம் அழுதேன். அம்மா பின்னால் வந்தாள். அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. நான் அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை.

5

அம்மாவின் தம்பி ராஜேந்திரன் மாமா பூந்தமல்லியில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் சீட் தைக்கிற கடையில் வேலை பார்த்தார். அந்த வாரம் வீட்டுக்கு வந்தவர் கதையைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சிரிக்காதடா. உன் அக்கா மானம் போச்சு" என்றாள் அம்மா.

"மானம் எங்கக்கா போச்சு, ஓட்ட வழியா தெரியுது, அவ்ளோதான்."

அம்மா கையில் கிடைத்த முறத்தால் ஓர் அடி வைத்தாள். அடி வாங்கிக்கொண்டே மாமா, "ரெக்சின் துண்டு கீதுக்கா, மூட்ட மூட்டயா. வெட்டிப் போட்டது. மொதலாளி கொளுத்திடறாரு. ஓட்டைல சொருவி உடு" என்றார்.

அந்தக் காலத்தில் எங்கள் காலனியில் ஒயர் கூடை பின்னாத பெண் கிடையாது. மாமா பஸ்ஸில் கண்டக்டரிடம் திட்டு வாங்கிக்கொண்டே மூட்டைகளைக் கொண்டுவந்து சேர்த்தார். தகடுகளைக் கழற்றி எடுத்து வந்து, ரெக்சினை நாடாக்களாகக் கத்தரித்து, ஓட்டைக்குள் விட்டு அடுத்த ஓட்டையில் எடுத்து, குறுக்கேயும் நெடுக்கேயும் பின்ன ஆரம்பித்தோம். தகட்டின் ஓரம் விரலைக் கிழிக்கும். பஞ்சைச் சுற்றிக்கொண்டு வேலை செய்தோம். வேலைக்குப் போய் வந்த பெண்கள் ஆளுக்கு ஒரு தகட்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். பகலெல்லாம் நான் ஒருத்தியே பின்னினேன். வேறு என்ன வேலை எனக்கு?

அரக்கு, பச்சை, நீலம், சோபா பழுப்பு. நிறம் கலைந்துவிடக்கூடாது என்று ஸ்டெல்லாவின் அம்மா பிடிவாதம். "கக்கூஸுக்கு இன்னாத்துக்குடி டிசைனு?" என்று ஆண்கள் கேலி செய்தார்கள். "நீ உள்ள போப்போறதில்ல, மூடு" என்றாள் அம்மா. அவளுக்குக் குரல் திரும்பி வந்துவிட்டது.

திரும்பக் கொண்டுபோய்ப் பொருத்திய அன்று அப்பாவே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"தெரியுதா?"

"தெரில நைனா."

"இந்தப் பக்கம்?"

"தெரில."

"கைய ஆட்டறேன், தெரியுதா?"

"ஒண்ணுமே தெரிலய்யா, வெளிய வா" என்று அம்மா கத்தினாள்.

வெளியே வந்தார். சுவரைத் தடவிப் பார்த்தார். ஆனால் சரி என்று சொல்லவில்லை. அதற்குள் வேறொரு செய்தி வந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் அனுமதியில்லாமல் கட்டடம் எழும்புகிறதென்று யாரோ மேலிடத்தில் புகார் செய்துவிட்டார்கள். பார்வையிட அதிகாரி வரப்போகிறார் என்று ஹெட்மாஸ்டர் வெளிறிப்போய் இருந்தார். "வந்து புடுங்கிப் போட்டுட்டா மறுபடியும் நடுவுல நிறுத்தணும். ரெண்டு வாட்டி நிறுத்தனா கொழந்த தாங்காது. அவங்க வந்துட்டுப் போவட்டும்" என்றார் அப்பா. வருடம் போய்க்கொண்டிருந்தது. முழுப் பரீட்சையும் வந்து போனது. நான் எழுதவில்லை. என் சான்றிதழில் இருக்கிற அந்த இரண்டாவது ஒன்பதாம் வகுப்புக்குக் காரணம் இதுதான்.

இங்கே நாடு முழுக்கக் குப்பையைக் கழுவி, பிரித்து, மரியாதையாக வழியனுப்புகிறார்கள். எனக்கு அதில் நிஜமாகவே மதிப்பு உண்டு. மலரோடு சேர்ந்து நானும் மூடி வேறு டப்பா வேறாகப் பிரிக்கிறேன். வழியனுப்பின பிறகு அது யார் வீட்டுக்குப் போய் என்னவாகிறது என்று மட்டும் கண்ணால் பார்க்க முடிவதில்லை. எனக்குப் பார்க்கக் கிடைத்தது. யாரோ ஒருவர் பஸ்ஸில் உட்கார்ந்து போகிற சீட்டில் மிஞ்சிய துண்டு எங்களுக்குச் சுவராகி நின்றது. பிறகு சில வருடங்களில் அரசாங்கமே செங்கல் கழிப்பறை கட்டிக் கொடுத்தது. அதற்குள் எங்கள் காலனியிலிருந்து வரிசையாகப் பெண்கள் பத்தாவது முடித்துவிட்டார்கள். ஸ்டெல்லா இன்று ஆவடியில் டீச்சர். அவள் வகுப்புப் பிள்ளைகள் தண்ணீர் குடித்தார்களா என்று கேட்டுவிட்டுத்தான் பாடம் நடத்துவாளாம்.

6

ஜீப் வந்தது முழுப் பரீட்சை முடிந்த வாரம், ஏப்ரல் வெயிலில். செய்தி எட்டியதும் காலனியில் இருந்தவர்கள் எல்லாரும் ஓடினோம். அப்பா எஸ்டேட் வாசலில் பாதி இறக்கிய லோடை அப்படியே விட்டுவிட்டு, தோளில் சாக்குத் துண்டோடு வந்து சேர்ந்தார்.

இறங்கிய அதிகாரி ஓர் அம்மாள். காட்டன் புடவை, தோளில் கைப்பை, முகமெல்லாம் வியர்வை. காலையிலிருந்து ஒவ்வொரு பள்ளிக்கூடமாகப் பார்த்துக்கொண்டு வருகிறார் என்று டிரைவர் சொன்னார். ஹெட்மாஸ்டர் வாய் குழற, "தடுப்புதான் மேடம், தற்காலிகமா..." என்றார்.

அந்த அம்மாள் சுற்றிவந்து பார்த்தார். ரெக்சின் பின்னலை விரலால் தட்டினார். "யார் செஞ்சது?"

"நாங்கதாம்மா" என்றாள் அம்மா. "புடுங்கணும்னா சொல்லுங்க, நாங்களே புடுங்கிக்கறோம். ஆனா புடுங்கிட்டு பொண்ணுங்க எங்க போவும்னு அதயும் நீங்களே சொல்லிட்டுப் போங்க."

அப்பா அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தார். அந்த அம்மாள் அம்மாவை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு ஹெட்மாஸ்டரை விட்டுவிட்டு அம்மா பக்கத்தில் வந்து, மெதுவாக, "தண்ணி இருக்கா உள்ள?" என்று கேட்டார்.

"ரொம்பி கீதும்மா."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஹெட்மாஸ்டர் கொடிக்கம்பத்தை அண்ணாந்து பார்த்தார். டிரைவர் ஜீப்பின் கண்ணாடியைத் துடைத்தார். ஆண்கள் எல்லாருக்கும் திடீரென்று வேறு பக்கம் ஏதோ வேலை வந்துவிட்டது.

வெளியே வந்தவர் கையை உதறிக்கொண்டே சொன்னது இவ்வளவுதான்: "உள்ள ஒரு ஆணி அடிச்சு வைங்க. கைப்பையை எங்கதான் மாட்டறது?"

ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். இடிக்கச் சொல்லியும் எதுவும் வரவில்லை, அனுமதித்தும் எதுவும் வரவில்லை. அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

ஜீப்பின் புழுதி அடங்குவதற்குள் அப்பா ஒரு கல்லை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். லோடுமேன் சட்டைப்பையில் பெட்டி பிரித்தெடுத்த ஆணிகள் எப்போதும் இருக்கும். உள்ளங்கையில் கொட்டி, சின்னதாக ஒன்றை எடுத்துப் பலகையில் வைத்தார். அடிக்கப் போனவர் நிறுத்திவிட்டு, வெளியே நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தார். எந்த மூட்டையாக இருந்தாலும் தூக்கும் முன் என்ன கனம் என்று கேட்கிற ஆள் அவர்.

"உன் பையில ஒம்போதாவது பொஸ்தகம் எல்லாம் சேத்தா இன்னா கனம் இருக்கும்?" என்றார்.

"நெறைய இருக்கும் நைனா" என்றேன்.

அவர் சின்ன ஆணியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, இருப்பதிலேயே பெரியதாகப் பார்த்துத் தேட ஆரம்பித்தார்.